கடைத்தெருவுக்கு வயதாகுமா

நெய்வேலி மெயின் பஜாரில் மாலை ஆறரை மணிக்கு மேல் நடப்பது சுகமான காரியம். முதல் ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போய், குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தவர்கள் வெளியே வருகிற நேரம் அது. பாத்திரக்கடை வாசலில் எவர்சில்வர் குடங்களைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ரவிக்கைத் துணி வாங்க வந்த பெண் சேலை முந்தானையை மடித்து எடுத்துவந்து, பலகையில் அடுக்கிய நிறங்களோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பார். டியூப்லைட்டில் சரியாக இருக்கிற அரக்கு நிறம் வெளியே வந்தால் வேறாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்; ஆகவே துணியையும் சேலையையும் வாசற்படிக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்ப்பார். கடைக்காரரும் அவசரப்படுத்துவதில்லை. பலாக் காலமென்றால் பண்ருட்டிப் பக்கத்துப் பழத்தின் வாசம் பஜ்ஜி எண்ணெயின் வாசத்தையும் அமுக்கிவிடும். எங்கும் நிழல் தரும் மரங்கள், கோடு போட்டதுபோல் நேரான சாலைகள். தமிழ்நாட்டில் ஒரு கடைத்தெருவில் கைவீசி நடக்க இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் இந்தத் தெருவை நினைக்கிறபோதெல்லாம் ஒரு நெருடல் கூடவே வருகிறது. நிலக்கரி நிறுவனத்தின் நகரியத்தோடு பிறந்து அதனோடு வளர்ந்த கடைத்தெரு இது. அறுபது வயதைத் தாண்டிவிட்டது. இருந்தும் இதை யாரும் பழைய தெரு என்று சொல்வதில்லை. பழைய குவார்ட்டர்ஸ், பழைய தெர்மல் (அனல்மின் நிலையம்) என்றெல்லாம் பேச்சு உண்டு. அந்தப் ‘பழைய’வுக்கு இடிக்க வேண்டியது, மூட வேண்டியது என்றே பொருள். வயதானதால் மதிப்புக் கூடிய பொருளாக இந்த ஊரில் எதையும் யாரும் காட்டுவதில்லை.

ஐரோப்பியக் கடைத்தெருக்களில் நடந்து திரும்புகிற தமிழர்கள் அந்த அனுபவத்தைச் சொல்லும்போது முதலில் வருவது தெருவின் வயதுதான். கல் பாவிய தரை, முந்நூறு வருடத்துக் கட்டடம், அதன் கீழ்த்தளத்தில் ரொட்டிக்கடை. அந்தத் தெருக்களின் நடைக்கு அவ்வளவு வயது கிடையாது என்பது இந்தக் கதைகளில் விட்டுப்போகிறது. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெருவில் கார்களை நிறுத்தியது 1962 நவம்பரில். அன்று கடைக்காரர்கள் பலமாக எதிர்த்தார்கள். நாங்கள் என்ன இத்தாலியர்களா, இந்தக் குளிரில் தெருவில் உலாவ, என்று கேட்டார்கள். கார்கள் போனபின் வியாபாரம் கூடியது, நடப்பவர்களும் கூடினார்கள். யான் கெல் என்ற கட்டடக் கலைஞர் அதே தெருவில் வருடக்கணக்கில் நின்று யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிக் குறித்து, நகரத்தைப் பற்றிய தன் சிந்தனை முழுவதையும் அங்கிருந்தே எழுப்பினார். ராட்டர்டாமின் லைன்பான் இன்னும் தெளிவான உதாரணம். 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் அந்த ஊரின் நடுப்பகுதியைக் குண்டுவீசி எரித்தன. எரிந்த இடத்தில் வான் டென் புரூக், பாக்கெமா என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் இரண்டே தளம் உயர்ந்த கடைகளையும், மழைக்கு ஒதுங்க நீண்ட தாழ்வாரங்களையும், நடுவே பூச்செடித் தொட்டிகளையும் வரைந்தார்கள். நடப்பவர்களுக்காக மட்டும் புதிதாகக் கட்டிய அந்தக் கடைத்தெரு 1953-இல் திறந்தது. 2010-இல் நெதர்லாந்து அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஐம்பத்தேழு வயதில் அந்தத் தெரு வரலாறாகிவிட்டது.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. அடுத்த மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரியின் படலம் வெளியே தெரிந்தது. 1962-இல் மின்சாரம் வந்தது. ஸ்ட்ரோகெட்டில் கார் நின்ற அதே வருடம். ராட்டர்டாமில் திட்டம் போட்டவர்களும் இங்கே காகிதத்தில் கட்டம் கட்டமாக ‘வட்டங்கள்’ என்ற குடியிருப்புப் பகுதிகளை வரைந்தவர்களும் ஒரே காலத்து ஆட்கள். வெறுந்தரையில் நல்ல நகரம் ஒன்றை எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இரு பக்கமும் இருந்தது. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பள்ளி, பள்ளியை ஒட்டி மைதானம், நடந்து போகிற தொலைவில் கடை. அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய மனம் வராது. மண் குடிசையிலிருந்தும் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குழாய்த் தண்ணீரையும், தனிக் கழிப்பறையையும், மாதச் சம்பளத்தையும் முதன்முதலில் கண்டது இங்கேதான். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் லைன்பானுக்கு வயதாகிறது, மெயின் பஜாருக்கு ஆகவில்லை. கட்டடத்தின் தரம் காரணம் என்று தோன்றவில்லை. லைன்பானும் சாதாரண கான்கிரீட்தான்.

காரணம் தெருவின் உடைமையில் இருக்கலாம். நெய்வேலி நகரியத்துக்கு நகராட்சி கிடையாது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மரம் வெட்டுவது, மரம் நடுவது எல்லாம் நிறுவனத்தின் நகர நிர்வாகம் பார்ப்பவை. 2011 கணக்கெடுப்பில் இங்கே 1,05,731 பேர் இருந்தார்கள். வயதுவந்தவர்கள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறார்கள்; தங்கள் தெருவுக்கு ஒரு நகரமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. வீடு நிறுவனத்தினுடையது, கடையும் நிறுவனம் ஒதுக்கியது. கடைக்காரர் வாடகை கட்டுகிறார், பட்டா அவரிடம் இல்லை. கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்காரர் பெயர்ப்பலகையில் தாத்தாவின் பெயரையும் தொடங்கிய வருடத்தையும் எழுதிவைப்பார். அந்த வருடம் அவருக்கு ஒரு சொத்து. மதுரைப் புதுமண்டபத்தில் தையல்காரர்களும் புத்தகக்கடைக்காரர்களும் தூண்களுக்கிடையே பல தலைமுறைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றியபோது அது ஊரின் துக்கமாகவே பேசப்பட்டது, மண்டபம் கோயிலுடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும். ஆக, உடைமை ஒன்றே போதாது. யார் எவ்வளவு காலம் தங்க முடிந்தது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது.

நெய்வேலியில் தங்குவதற்கு ஒரு கெடு உண்டு. அறுபது வயதில் ஓய்வு. அதோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வருடம் ஒரே வட்டத்தில் இருந்தவர் வாசலில் தான் வைத்த மாமரத்தையும் கொல்லையில் தான் கட்டிய துவைக்கிற கல்லையும் விட்டுவிட்டு லாரி ஏற்றுகிறார். இந்த ஊரில் தெருவோரங்களில் நிற்கும் பெரிய மாமரங்களும் பலாமரங்களும் யாரோ ஒருவர் வைத்தவை. அந்த யாரோ இன்று கடலூரிலோ புதுச்சேரியிலோ, மகனோடு சென்னையிலோ இருக்கிறார். இன்னும் சிலர் ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார்கள். எல்லைக்கு வெளியே வரிசையாக எழுந்திருக்கும் அந்த மாடி வீடுகளைப் பார்த்தால், ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் அதன் சுவரை ஒட்டி வந்து குடியேறியதுபோல் இருக்கும். அவர்கள் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. நிறுவனத்தின் மருத்துவமனையில் பிறந்து, அதன் பள்ளியில் படித்து, வட்ட எண்ணையும் தெருப் பெயரையும் முகவரியாக எழுதிப் பழகியவர்கள் அவர்கள். எந்த ஊர் என்று கேட்டால் தயங்காமல் நெய்வேலி என்பார்கள். அப்பா ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அந்த ஊரில் அவர்களுக்குக் கதவு கிடையாது. அடுத்த முறை வரும்போது, தாம் வளர்ந்த வீட்டில் வேறு யாரோ கொடியில் துணி காயப்போட்டிருப்பதைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு நேரே மெயின் பஜாருக்குத்தான் போவார்கள். வீடு மாறிவிட்டது, பள்ளி மதிலுக்குள் இருக்கிறது. அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய பழைய இடம் கடைத்தெரு ஒன்றுதான். தீபாவளி போனஸ் வந்த வாரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு துணி எடுக்கப் போன கூட்டம், முதல் செருப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ், பத்தாம் வகுப்புக்கு முன் பாஸ்போர்ட் போட்டோ எடுத்த ஸ்டூடியோ. இத்தனை நினைவு இருக்கிற தெரு எப்படிப் பழையதாகாமல் இருக்கிறது? நினைவு வைத்திருப்பவர்கள் எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள் என்பதாலா? தெருவில் இன்று நடக்கிறவர்களில் பாதிப்பேர் இன்னும் சில வருடங்களில் கெடு வந்து கிளம்ப வேண்டியவர்கள் என்பதாலா?

நினைப்பை இங்கேயே நிறுத்திவிட்டால் இது ஓர் ஏக்கக் கட்டுரையாக, குவார்ட்டர்ஸ் வாழ்க்கையின் இனிய நினைவுகளாக முடிந்துவிடும். முகநூல் குழுக்களில் அப்படி எழுதுகிறவர்கள் நிறைய. நெருடலின் வேர் அங்கே இல்லை. மெயின் பஜாரிலிருந்து சில கிலோமீட்டர் போனால் சுரங்கத்தின் விளிம்பு.

பூமி அங்கே படிக்கட்டுபோல் இறங்குகிறது. மேலே செம்மண், அடுத்து மஞ்சளும் வெள்ளையுமான மணற்பாறை, எல்லாவற்றுக்கும் கீழே கறுத்த கோடாக நிலக்கரி. வாளிகள் பொருத்திய பெரிய சக்கரம் இரவும் பகலும் சுழன்று மண்ணைச் சுரண்டிக் கன்வேயரில் கொட்டுகிறது. கன்வேயர் அதைக் கொண்டுபோய் மறுபக்கம் மலையாகக் குவிக்கிறது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடாமலிருக்க, சுற்றிலும் குழாய்க் கிணறுகள் வைத்து ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, அதிலிருந்துதான் இந்தக் கதை முழுவதும் தொடங்குகிறது என்று நெய்வேலிக்காரர்கள் சொல்வார்கள். ஒருவர் தண்ணீர் தேடிய இடம் அது. ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த கிணறுகள் இருந்த வட்டாரத்தில், இன்று விவசாயிகள் பேசுவது எத்தனை அடி கீழே தண்ணீர் போய்விட்டது என்பதைத்தான். இந்தப் பள்ளங்கள் இருக்கிற இடத்தில் கிராமங்கள் இருந்தன. கிராமம் என்றால் தெரு. தெரு என்றால் முனையில் ஒரு பெட்டிக்கடை, பெஞ்சு போட்ட டீக்கடை, வாரத்துக்கொரு சந்தை. அந்தக் கடைத்தெருக்களில் நடக்க இனி தரையே கிடையாது.

நெய்வேலியின் சக்கர வாளி இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே ரைன் ஆற்றுப் பக்கத்தில் இதே பழுப்பு நிலக்கரிக்காக இதே வகை இயந்திரங்கள் இதே வேலையைச் செய்தன. கார்ஸ்வைலர் சுரங்கத்துக்காக இம்மெராத் என்ற கிராமத்தின் இரட்டைக் கோபுர தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்தார்கள். மக்களைச் சில மைல் தள்ளிப் புதிய இம்மெராத்தில் குடிவைத்தார்கள். ஊர்ப் பெயரும் கூடவே போனது. 2023 ஜனவரியில் அதே சுரங்கத்தின் விளிம்பிலிருந்த லுட்செராத்தில் மரத்தில் ஏறி உட்கார்ந்த போராட்டக்காரர்களைப் போலீசார் இறக்கிக் கொண்டுபோனதை உலகமே பார்த்தது. கெயன்பெர்க்கின் கதை இன்னும் வினோதமானது. 2022 அக்டோபரில் செய்த ஓர் ஏற்பாட்டில் அந்த ஊரும் பக்கத்திலிருந்த நான்கு ஊர்களும் தப்பித்தன. அதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் புதிய ஊருக்குப் போய்விட்டிருந்தன. தெரு பிழைத்துக்கொண்டது, நடக்க ஆளில்லை. அதே ஜெர்மனியில் எஸ்ஸன் என்ற ஊர் இருக்கிறது. நிலக்கரியாலும் இரும்பாலும் பெருத்த ஊர், குருப் நிறுவனத்தின் ஊர். அங்கே லிம்பெக்கர் தெருவில் 1920களின் இறுதியிலேயே வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கென்று விட்டுவிட்டார்கள். கார் இல்லாத கடைத்தெருக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தெருவிலிருந்துதான் தொடங்குவார்கள். கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க இடம் வேண்டும் என்ற எண்ணமும், பூமியை ஊரோடு பெயர்த்தெடுக்கும் இயந்திரமும் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் பிறந்திருக்கின்றன. இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியவில்லை, இதிலிருந்து பெரிய தத்துவம் ஒன்றை உருவவும் மனமில்லை. ஆனால் நெய்வேலியில் நடப்பவருக்கு இரண்டும் ஒரே மாலையில் எதிர்ப்படும்.

2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில் நடந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக, இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காக, பச்சைப் பயிர் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு எப்போதோ பணம் கொடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையாவது காத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பணம் கொடுத்ததும் உண்மை, பயிர் நின்றதும் உண்மை. சட்டம் முதலாவதைப் பேசியது. பார்த்தவர்கள் மனம் இரண்டாவதில் நின்றது. வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை, மும்முடிசோழகன் ஆகிய பெயர்கள் அந்த வருடம் செய்தித்தாளில் தினமும் வந்தன. இவற்றுக்கு முன் போன கிராமங்களின் பெயர்கள் அப்படி வரவில்லை. வீடும் நிலமும் கொடுத்தவர்கள் மாற்றுக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் அவர்கள் பிள்ளைகளும் அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தங்கள் பல. நிரந்தரத் தொழிலாளிக்கு அறுபது வயது வரை நகரியத்தில் வீடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி மாலையில் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டியவர். மெயின் பஜாரில் அவரும் நடக்கிறார், பஜ்ஜி வாங்குகிறார், பண்டிகைக்குத் துணி எடுக்கிறார். ஒரே தெருவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது நடையை மட்டும் வைத்து யார் யார் என்று சொல்ல முடியாது. அந்தச் சமத்துவம் கடைத்தெருவுக்கு மட்டுமே உள்ள நல்ல குணம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்னொரு தரப்பு. சுற்றுக் கிராமங்களிலிருந்து கீரைக்கட்டும் வேர்க்கடலையும் சீசனில் முந்திரிப்பழமும் கொண்டுவருகிறவர்கள். படி நிறைய அளந்தபின் மேலே ஒரு கைப்பிடி கொசுறு போடுவார்கள். அந்தக் கைப்பிடிக்காக நிரந்தர வாடிக்கை பிடித்துவைத்திருக்கும் வீட்டம்மாக்கள் உண்டு. ‘என்னா ஆயா, போன வாரம் காணோம்’ என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். ஆயாவின் ஊர் எந்தச் சுரங்கத்தின் எந்த விரிவாக்க வரைபடத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. தெருவைச் சீர்செய்யும்போதெல்லாம் முதலில் தொந்தரவாகத் தெரிகிறவர்களும் இவர்கள்தான். சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை 2013-இல் ஒரு வணிக வளாகத்துக்குள் ஏற்றினார்கள். 2019 நவம்பரில் அதே தெருவில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தபோது நடப்பதற்கு உண்மையிலேயே அருமையாக இருந்தது; பிள்ளைகள் ஓடினார்கள், முதியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடக்க இடமில்லாத சென்னைக்கு அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. பழைய பாண்டி பஜாரில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வளையலும் ஹேர்கிளிப்பும் விற்ற குரல்கள் மட்டும் அங்கே இல்லை. நடைக்கான இடம் எங்கிருந்தோ எடுத்துத்தான் தரப்படுகிறது. கோபன்ஹேகனில் அதைக் காரிடமிருந்து எடுத்தார்கள், பாண்டி பஜாரில் காரிடமிருந்தும் கூடைக்காரியிடமிருந்தும் எடுத்தார்கள். நெய்வேலியில் மொத்த நகரியமும் எடுத்த நிலத்தில்தான் நிற்கிறது.

அப்படியானால் மெயின் பஜாரில் நடக்கிற சுகத்தை என்ன செய்வது? குற்ற உணர்ச்சியாக மாற்றிக்கொள்வது எளிது, அதனால் யாருக்கும் ஒரு ஏக்கர் திரும்பி வராது. இந்தச் சுகமும் பொய்யில்லை. தெர்மலில் கொதிகலன் அருகே எட்டு மணி நேரம் நின்றவர் மாலையில் மனைவியோடு நடந்து ஒரு கோப்பை மசாலாப் பால் குடிப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாநிலத்துக்கு வெளிச்சம் கொடுத்தவர்கள் இவர்கள். அதே நேரத்தில் இந்த ஊரின் கணக்கு முடிவை நோக்கி நகர்வதும் தெரிகிறது. சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020-இல் நின்றுவிட்டது. நிலக்கரியை விட்டுச் சூரியனுக்கும் காற்றுக்கும் போக வேண்டும் என்ற பேச்சு நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. இன்றோ நாளையோ இல்லாவிட்டாலும் ஒரு நாள் சுரங்கம் நிற்கும். அன்று இந்த வட்டங்களும் இந்தக் கடைத்தெருவும் யாருக்கு? லைன்பானைக் காப்பாற்ற ராட்டர்டாமில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள், நகரமன்றம் இருந்தது, கட்டடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். இங்கே மனுக்கொடுக்க ஊர்க்காரர் என்று சட்டப்படி யார் இருக்கிறார்? இந்திரா நகர்க்காரருக்கு எல்லை வேறு, நகரியத்தில் இருப்பவருக்குக் கெடு இருக்கிறது, கடைக்காரர் வாடகைதாரர், பிள்ளைகள் பெங்களூரில்.

ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. வருடாவருடம் ஜூலையில் புத்தகக் கண்காட்சி நடத்தி வட்டாரத்தையே வாசிக்கக் கூட்டிவந்த ஊர் இது. எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது. மெயின் பஜாரின் ஒவ்வொரு கடையும் எந்த வருடம் வந்தது, முதலில் என்ன விற்றது, யார் கைக்கு மாறியது என்று அங்கே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். டிஜிட்டல் பலகை வருவதற்கு முன் பெயிண்டரின் கையால் எழுதிய பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்துவைக்க வேண்டும். அதே நோட்டில், அதே அளவு பக்கம் ஒதுக்கி, சுரங்கத்துக்குள் போன கிராமங்களின் தெருக்களையும் எழுத வேண்டும்: எந்தத் தெரு எந்தத் திசையில் ஓடியது, டீக்கடை எந்த முனையில் இருந்தது, சந்தை எந்தக் கிழமை கூடியது, மாரியம்மன் எந்த வழியாக வீதியுலா வந்தாள் என்று. அதைச் சொல்லக்கூடியவர்கள் மாற்றுக் குடியிருப்புகளில் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். கடைத்தெருவைப் பற்றிக் கேட்க ஓய்வுபெற்றவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், அவர்கள் ஃபோனில்கூடச் சொல்வார்கள். கிராமத்துத் தெருவைப் பற்றிக் கேட்க நேரில் போக வேண்டும், அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.